ஹபஷாவின் அடியார் கதைகளும் நம் வீட்டுக் கிதாபுகளும்

1556 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று கோவாத் துறையில் அச்சுப்பொறி ஒன்றை இறக்கிற்று. அது இந்தியாவுக்கென்று அனுப்பப்பட்ட பொறியன்று. நம் கிதாபுகள் ஹபஷா என்று கூறும் எத்தியோப்பியாவுக்குச் செல்லவிருந்த இயேசு சபைப் பாதிரிமாரோடு புறப்பட்டது. அந்நாட்டின் நிலை அவர்களுக்கு இசைவாக அமையாமையால் அவர்களுடைய தலைவர் கோவாவிலேயே தங்கினார், பொறியும் தங்கிற்று. இந்திய மண்ணில் அச்சுக்கலை அவ்வாறு தொடங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1578 இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதனை ஆக்கிய அண்டிறிக்கு அடிகளார் 1586 இல், ‘அடியார் வரலாறு’ என்று இன்று வழங்கும் பெருநூலை வெளியிட்டார். கிறித்தவ இறையடியார்களின் வாழ்க்கைக் கதைகளைத் தமிழ் உரைநடையில் தொகுத்துக் கூறும் நூல் அது.

இதில் ஒரு வியப்பு உண்டு. அந்தப் பொறி சென்று சேர வேண்டிய ஹபஷாவில் அடியார் வரலாறுகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கீஸ் என்னும் தொன்மையான மொழியில், பதப்படுத்திய தோல் ஏடுகளில், அவை நூற்றாண்டுக் கணக்கில் எழுதப்பட்டும் ஓதப்பட்டும் வந்தன. அந்த இலக்கியத்தின் தகுதி யாது, அதனை ஒரு முஸ்லிம் எங்ஙனம் வாசிப்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திண்டுக்கல் சீமையில், எரியோட்டில் இருந்துகொண்டு எத்தியோப்பியாவைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அதற்குரிய விடை இக்கட்டுரையின் முடிவில், ஒரு பாழுங்கிணற்றில் கிடக்கிறது.

நமக்குள்ள கடன்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 615 அளவில், மக்காக் குறைஷியரின் கொடுமை தாங்காது முஸ்லிம்களில் ஒரு கூட்டத்தார் கடல் கடந்து ஹபஷாவில் தஞ்சம் புகுந்தனர். அந்நாட்டுக் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷி அவர்கள் முன்னிலையில் ஹள்ரத் ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதியதையும், அரசரின் தாடி நனையுமளவுக்குக் கண்ணீர் பெருகியதையும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவர். அம்மன்னர் மறைந்த செய்தி வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தவாறே அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் இந்த ஹபஷாப் பயணத்தைத் தனிப் படலமாகவே பாடியிருக்கிறார். ஆகவே ஹபஷா நமக்கு அயலன்று. நம் மார்க்கத்தின் பால பருவத்தில் நிழல் கொடுத்த மரம் அது.

மொழியிலும் உறவு உண்டு. திருக்குர்ஆனில் வரும் அயல்மொழிச் சொற்களை ஆராய்ந்த இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்கள், நூர் அத்தியாயத்தில் வரும் ‘மிஷ்காத்’ என்னும் சொல் ஹபஷா மொழியில் மாடத்தைக் குறிக்கும் என்ற கூற்றை எடுத்துரைக்கிறார். ஈஸா நபி (அலை) அவர்களின் தோழர்களைக் குறிக்கும் ‘ஹவாரிய்யூன்’ என்ற சொல்லுக்கு வெண்மை என்னும் வேரிலிருந்து பொருள் கூறுவது நம் அகராதிக்காரர் மரபு. இக்கால மொழியாராய்ச்சியாளரோ, தூதன் என்று பொருள்படும் ‘ஹவார்யா’ என்னும் கீஸ் மொழிச் சொல்லோடு அதனை இணைப்பர். அந்தத் தோழர்களின் வரலாறுகளைக் கூறும் கீஸ் நூல் ஒன்றின் பெயர் ‘கெத்ல ஹவார்யாத்’ என்பதாகும். பெயரைக் கேட்ட அளவிலேயே அரபி ஓதியவன் செவி நிமிரும்.

அரபி போட்ட பாலம்

கீஸ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பேச்சு வழக்கிலிருந்து நீங்கிவிட்டது. ஆயினும் அந்நாட்டுத் தேவாலயங்களில் இன்றும் அதுவே வழிபாட்டு மொழி. தாய்மொழியல்லாத அம்மொழியைச் சிறுவர்கள் ஆசிரியர் முன் அமர்ந்து, முதலில் பொருள் தெரியாமல் ஓதி மனனம் செய்து, பின்னர்ப் பொருள் கற்கின்றனர். நம் மத்ரஸாக்களில் நாம் கற்றதும் அவ்வாறே அன்றோ! கீஸ் அரபிக்கு உடன்பிறந்த மொழியேயாயினும் இடப்புறமிருந்து வலப்புறம் எழுதப்படுவது. அதன் எழுத்துகள் நம் தமிழ் உயிர்மெய்யைப் போல, மெய்யின் உருவிலேயே உயிரின் குறியையும் ஏற்று நிற்கின்றன.

அதன் இலக்கியச் செல்வத்தில் பெரும்பகுதி, 13 ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு அரபியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. எகிப்தியக் கிறித்தவர் தம் பழைய கிப்தி மொழியை மறந்து அரபியில் எழுதத் தொடங்கிய பின்னர், அவர்களுடைய நூல்களை ஹபஷாவினர் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர். ஆண்டின் ஒவ்வொரு நாளிலும் ஓத வேண்டிய அடியார் சரிதைகளின் தொகுப்பாகிய ‘ஸென்கெஸார்’, மர்யம் அம்மையாரின் அற்புதங்களைக் கூறும் ‘தஅம்மெர மர்யாம்’ ஆகியவை அரபி வழியே வந்தவை. சுலைமான் நபி (அலை) அவர்களையும் ஸபா நாட்டு அரசியையும் தம் அரச குலத்தின் முன்னோராகக் கூறும் ‘கெப்ர நெகெஸ்த்’ என்னும் பெருநூலின் முடிவுரையும், அஃது அரபியிலிருந்து பெயர்க்கப்பட்டதென்றே சொல்கிறது. அரபி முஸ்லிம்களின் மொழி மட்டுமே என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். நம் மறைமொழி, பிறர் தம் மறையையும் சுமந்து செல்லத் தோள் கொடுத்திருக்கிறது.

இந்தப் பாலத்தின் வழியே நம் நாட்டுச் சரக்கும் சென்றதுண்டு. அரண்மனையில் துன்பமறியாது வளர்ந்த இளவரசன் ஒருவன் நோயையும் முதுமையையும் மரணத்தையும் கண்டு உலகைத் துறந்த கதை, புத்தரின் கதையேயாகும். போதிசத்துவர் என்னும் சொல் அரபியில் ‘பூதாஸஃப்’ ஆயிற்று. அரபியில் ‘பே’ எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. சொல்லின் முதலில் ‘யே’ எழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளி. எழுதுவோன் கை தவறி ஒரு புள்ளி கூடியது. பூதாஸஃப் ‘யூதாஸஃப்’ ஆனார். அந்தப் பெயரோடே கதை ஜார்ஜிய மொழிக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் சென்று, அவர் கிறித்தவ அடியார் ஒருவராகவே போற்றப்பட்டார். அதே கதையை 1553 இல் எம்பாகோம் என்னும் துறவி அரபியிலிருந்து கீஸில் பெயர்த்தார். பல்க் நாட்டு அரசைத் துறந்த இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களின் சரிதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. மதங்கள் வேறு வேறு. உலகின் நிலையாமையைக் கண்டு திடுக்கிடும் மனித நெஞ்சம் ஒன்று.

மலையும் கடலும்

ஒரு கிறித்தவ அடியாரின் தனி வரலாற்றைக் கீஸில் ‘கெத்ல்’ என்பர். கொலையைக் குறிக்கும் அரபி ‘கத்ல்’ அன்று இது. இதன் பொருள் போராட்டம்; கேட்டவுடன் அரபியின் ‘ஜதல்’ நினைவுக்கு வரும். அடியாரின் வாழ்க்கை வரலாற்றுக்குப் போராட்டம் என்று பெயரிட்டார்களே, அந்தப் பெயரிலேயே ஓர் இலக்கியக் கொள்கை அடங்கியிருக்கிறது. நஃப்ஸோடு புரியும் போரே பெரும்போர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அஃது எளிதில் விளங்கும்.

ஆனால் அவ்வரலாறுகளைத் திறந்தவுடன் வாசகர் காண்பது அற்புதங்களையே. அரகாவி என்னும் துறவி தெப்ர தாமோ என்னும் செங்குத்தான மலைமீது ஏற வழியின்றி நின்றபோது, பாம்பு ஒன்று அவரைச் சுற்றி மேலே ஏற்றிவிட்டதாம். 1313 இல் மறைந்ததாகக் கூறப்படும் தெக்லெ ஹாய்மானோத் என்னும் பெரியார் அதே மலையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது ஷைத்தான் கயிற்றை அறுத்தானாம். அவருக்கு ஆறு சிறகுகள் முளைத்தனவாம். நின்றவாறே தொழுது தொழுது ஒரு கால் முறிந்து விழ, எஞ்சிய காலால் நின்று ஏழாண்டு தொழுதார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்நாட்டு ஓவியங்களில் அவர் ஒற்றைக்காலோடும் சிறகுகளோடுமே காட்சியளிக்கிறார்.

இவற்றை வாசிக்கும் நம்மவர் நகைத்துவிட்டு நூலை மூடலாம். நகைக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெப்ர தாமோ மடத்துக்கு இன்றும் கயிற்றைப் பற்றித்தான் ஏற வேண்டும். அந்தப் பாறையின்முன் நின்ற ஒவ்வொருவனுடைய அச்சமும் அப்பாம்பாகவும் சிறகாகவும் உருவெடுத்திருக்கிறது. நம் நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் சரிதையை எண்ணிப் பாருங்கள். நாவிதர் முன் அமர்ந்திருந்த நேரத்தில், நடுக்கடலில் கப்பலொன்று ஓட்டை விழுந்து தத்தளிப்பதை உணர்ந்து, கையிலிருந்த கண்ணாடியை அவர்கள் வீச, அது சென்று ஓட்டையை அடைத்தது என்பது சோழமண்டலக் கரையெங்கும் வழங்கும் கதை. இக்கதை மலைநாட்டில் பிறந்திருக்க இயலாது. கணவனும் மகனும் கடலுக்குச் சென்றபின் கரையில் விழித்திருந்த பெண்களின் நெஞ்சத்திலிருந்து பிறந்த கதை அது. மலைநாட்டானுக்குக் கயிறு அறும் அச்சம்; கடற்கரையானுக்குக் கலம் உடையும் அச்சம். அற்புதக் கதையை அளக்கும் முதற்கோல் இதுவே என்பேன்: அதனைச் சொன்ன மக்களின் மண்ணும் மனமும் அதில் தெரிகின்றனவா? தெரிந்தால் அது இலக்கியம். தெரியாவிட்டால், ஓரிடத்தில் கேட்டதை மற்றோரிடத்தில் ஒட்டிய வெற்றுப் பெருக்கம்.

யாரேத் என்பவரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்து அந்நாட்டு வழிபாட்டு இசையை வகுத்தவர் என்று போற்றப்படும் அவர் சிறுவயதில் பாடம் ஏறாத மாணவர். ஆசிரியரின் அடிக்கு அஞ்சி ஓடிப்போய் மரத்தடியில் அமர்ந்திருக்கையில், புழு ஒன்று மரத்தில் ஏறுவதும் வழுக்கி விழுவதும் மீண்டும் ஏறுவதுமாக முயன்று, இறுதியில் உச்சியை எட்டியதைக் கண்டார். திரும்பிச் சென்று கற்றார். சொட்டுச் சொட்டாக விழுந்த நீர் பாறையைக் குடைந்ததைக் கண்டு மத்ரஸாவுக்குத் திரும்பியதாக இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களைப் பற்றி உஸ்தாதுமார் எங்களுக்குச் சொன்ன கதையும் இதுவே. ஓதிக்கொடுக்கும் இடமெங்கும் பாடம் ஏறாத பிள்ளை ஒருவன் இருப்பான். அவனுக்கென்று ஒரு கதையும் இருக்கும். இங்கே சிறகும் இல்லை, பாம்பும் இல்லை. ஆயினும் நெஞ்சில் நிற்கிறது.

குறையும் நிறையும்

கீஸ் வரலாறுகளில் குறைகள் இல்லாமலில்லை. பல நூல்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. பெற்றோரின் பக்தி, பிறப்பின்போது தோன்றும் அறிகுறி, துறவு, அற்புதங்கள், மரணம் என்று ஒரே வரிசை. மரணத்தின் முன் இறைவன் அடியாருக்கு வாக்குறுதி ஒன்று தருவான். அதனைக் ‘கிதான்’ என்பர். அவருடைய பெயரை நினைவுகூர்ந்தவர், அவருடைய சரிதையை எழுதுவித்தவர் ஆகியோருக்கெல்லாம் மன்னிப்பு உண்டு என்பது அதன் சாரம். நம் ஈமானின்படி இஃது ஏற்புடையதன்று என்று சொல்லத் தேவையில்லை. இலக்கிய நோக்கிலும் இது குறையே. வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரின் கதையைக் கேட்பவர், தாம் போராட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வர அது இடம் தருகிறது. நம் மௌலிது, மனாகிபுக் கிதாபுகளை ஓதுவோரிலும், ஓதிய அளவிலேயே எல்லாம் ஆயிற்று என்று எழுந்து போவோர் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

இக்குறையினின்று உயர்ந்து நிற்கும் நூல், வெலெத்த பெத்ரோஸ் என்னும் பெண் துறவியின் வரலாறு. காலத்தால் அது இடைக்காலத்துக்குச் சற்றுப் பிற்பட்டது. 1592 முதல் 1642 வரை வாழ்ந்த அவ்வம்மையார் பிரபு குலத்தவர். அவருடைய கணவர் ஸுஸென்யோஸ் அரசரின் அவையில் உயர் பதவி வகித்தவர். இயேசு சபையாரின் போதனையால் அரசர் 1622 இல் கத்தோலிக்க நெறியை வெளிப்படையாக ஏற்று, குடிகளையும் அதற்குட்படுத்த முற்பட்டபோது, அம்மையார் கணவரைத் துறந்து மூதாதையர் நெறியைக் காக்க எழுந்தார். 1632 இல் அரசர் தம் ஆணையைக் கைவிட நேர்ந்தது. அம்மையார் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1672 இல், கெலாவ்தேவோஸ் என்னும் துறவி இந்நூலை எழுதினார். 2015 இல் ஆங்கிலத்தில் முழுமையாக வெளிவந்தது.

அதில் ஓரிடம் வாசகரைத் திடுக்கிடச் செய்யும். கருவுற்றபோதெல்லாம் அம்மையார், பிறக்கும் குழந்தை இறைவனுக்கு உவப்பானதாக இராதென்றால் அதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினாராம். மூன்று குழந்தைகளும் மாண்டன. ஒரு தாய் இவ்வாறு வேண்டுவாளா? நூலாசிரியர் இதனை மழுப்பவும் இல்லை, மெருகேற்றவும் இல்லை. துறவுக்கு அந்தப் பெண் கொடுத்த விலையை அப்படியே நம் முன் வைக்கிறார். பாராட்டுவதா வெறுப்பதா என்று தெரியாமல் வாசகர் நின்றுவிடுகிறார். நூறு அற்புதங்கள் செய்யாததை இந்த ஓரிடம் செய்கிறது. அடியார் வரலாற்றை அளக்கும் இரண்டாம் கோல் இதுதான்: அது எதனை மறைக்காமல் விட்டிருக்கிறது?

தமிழில் வந்த அடியார்

இனி நம் நாட்டு நூலுக்கு வருவோம். அண்டிறிக்கு அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ ஐரோப்பாவில் வழங்கிய தொகுப்பைத் தழுவியது. அதிலுள்ள அடியார்கள் அயல்நாட்டார், அற்புதங்களும் அயல்நாட்டின. ஆகையால் முதற்கோலால் அளந்தால் அது குறைபடும். ஆனால் அதன் மண் வேறோரிடத்தில் இருக்கிறது, மொழியில் இருக்கிறது. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், முத்துக்குளித்துறைப் பரதவர் காதால் கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய பேச்சுத் தமிழை அவர் நூல் முழுவதும் எழுத்தில் ஏற்றினார். ஊடே போர்த்துக்கீசியச் சொற்கள் தலைநீட்டுகின்றன. நம் ஆலிம்கள் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டுமென்று அரபி எழுத்தில் தமிழை எழுதினார்களே, அதே நோக்கம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘மகானி’யைப் பார்த்தவர்கள் இவ்வொற்றுமையை உணர்வர்.

அப்பரதவர் 1530 களில் கிறித்தவம் புகுந்தது, கடல் தொழிலில் நம்மவரோடு மூண்ட பூசலின் பின்னணியில் என்பதும் வரலாறு. அந்த நூலின் பிறப்புக்கு அப்பகையும் ஒரு காரணம். இன்று அதனைப் பகையின்றி வாசிக்கும் காலம் வந்திருக்கிறது. வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி கிடந்தமையால், 1967 இல் இராசமாணிக்க அடிகளார் அதனை மீண்டும் பதிப்பிக்க இயன்றது. தமிழ்நாட்டில் அச்சிட்ட நூலுக்கு ரோமாபுரியில் அடைக்கலம்!

நம் பக்கத்து ஏடு

பிறர் நூலை அளந்த கோலால் நம் நூலையும் அளப்பதே நீதி. 1529 முதல் 1543 வரை இமாம் அஹ்மது இப்னு இப்ராஹீம் ஹபஷாவின்மீது போர் தொடுத்தார். அதனை அரபியில் வரைந்தவர் ஷிஹாபுத்தீன் என்னும் அரப் ஃபகீஹ். நூல் ‘ஃபுதூஹுல் ஹபஷா’. வெற்றியைப் பாட வந்த அவர், தேவாலயங்கள் எரிந்ததையும், எரியும் ஆலயத்தினுள் துறவிகள் தாமே பாய்ந்து மாண்டதையும் எழுதி வைத்திருக்கிறார். எத்தனை தோல் ஏடுகள் அத்தீயில் கருகினவோ! நஜ்ஜாஷியின் நிழலில் ஒதுங்கியவர்களின் வழிவந்தோர் இதனை வாசிக்கையில் தலை தாழும். ஆயினும் மறைக்காமல் எழுதிய அரப் ஃபகீஹுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். எதிரியின் உறுதியைத் தம் ஏட்டிலேயே பதித்தமையால் அவர் வரலாற்றாசிரியராக உயர்ந்தார். அதே இமாமுக்கு, திருக்குர்ஆன் வசனங்களை எடுத்துக்காட்டிக் கீஸில் நூலொன்று எழுதினார் ஒரு துறவி. யமனில் பிறந்து, வணிகராக வந்து கிறித்தவரானவர் அவர். யூதாஸஃப் கதையைப் பெயர்த்த எம்பாகோமே அவர். அவருடைய முடிவுகள் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும் வாளுக்கு நூலால் மறுமொழி கூறினார் என்ற அளவில் அவரை மதிக்கலாம்.

பாழுங்கிணறு

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். நான் ஓதி முடித்து ஊருக்கு வந்த புதிதில், என்னிடம் பிள்ளையை அனுப்பியிருந்த ஒருவர் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய பாட்டியார் வைத்திருந்த அரபுத்தமிழ்க் கிதாபுகள். கிஸ்ஸாக்கள், வலிமார் சரிதைகள், முனாஜாத்துகள். “இதையெல்லாம் என்ன செய்யலாம் ஹள்ரத்து?” என்று கேட்டார். இரண்டொன்றைப் புரட்டினேன். ஆதாரமில்லாத ரிவாயத்துகள் கண்ணில் பட்டன. ஹதீஸ் கலை கற்ற இளரத்தம். “இவை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்” என்றேன். மரியாதைக்குரிய எழுத்தாயிற்றே என்று அவர் அவற்றைத் துணியில் சுற்றி, ஊர்ப்புறத்தில் தூர்ந்துகிடந்த கமலைக் கிணற்றில் இறக்கிவிட்டார். கையெழுத்துப் பிரதியொன்றின் ஓரங்களில் பிள்ளைகள் பிறந்த நாளும் இறந்த நாளும் பெண்கையால் குறித்திருந்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. எந்த வலியின் சரிதையின் ஓரத்தில் அப்பெண்மணி தம் குழந்தையின் மரணத்தை எழுதினார்? எந்த வரி அவருக்கு ஆறுதல் தந்தது? நான் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் இயலாது.

நான் கற்ற கலை பிழையன்று. அதனைப் பிழையாகக் கையாண்டேன். ஒரு செய்தி ஸஹீஹா, ளயீஃபா, இட்டுக்கட்டியதா என்று பிரித்துச் சொல்வது ஆலிமின் கடமை. அதில் இன்றும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால், இட்டுக்கட்டிய ஹதீஸ்களையும் ஏடு ஏடாகத் தொகுத்து, இவை பொய் என்று அடையாளமிட்டுப் பாதுகாத்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் கிணற்றில் எறியவில்லை. ஆதாரத்துக்கு ஒரு தராசு. இலக்கியத்துக்கு மற்றொரு தராசு. ஒன்றில் எடை குறைந்ததென்று மற்றொன்றில் நிறுக்காமலே எறிவது அறிவுடைமையன்று.

பேசுவோர் இல்லாத மொழியில் எழுதிய ஏடுகளை ஹபஷாவினர் மலையுச்சிகளில் கட்டிக்காத்தனர். பேசும் தமிழில், ஓதும் எழுத்தில் எழுதிய ஏடுகளை நாம் பரணில் கறையானுக்கும் கிணற்றில் சேற்றுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இக்கட்டுரையை வாசிக்கும் குடும்பத்தார் தத்தம் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். அரபுத்தமிழ் ஓதத் தெரிந்த மூத்த பெண்கள் இருப்பின் அவர்கள் வாயால் ஒரு பக்கத்தையேனும் கேளுங்கள். ஐயமான செய்தியாயின் ஓரத்தில் குறித்து வையுங்கள். நூலை மட்டும் வைத்திருங்கள்.

பிறருடைய அடியார் கதையை ஏளனமின்றி வாசிக்கவும், நம்முடையதைக் கண்மூடித்தனமின்றிப் போற்றவும் வல்ல நாயன் நமக்குத் தெளிவை அருள்வானாக. ஆமீன்.